உப்பால் கழுவிய மாஸ்க்

ஆக்ஸிஜனுக்கு உப்பு ருசி உண்டா? அந்தமானில், ஜங்லிகாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் சிவஞானம் என்ற கிழவர் அப்படிக் கேட்டபோது, பள்ளியிறுதி வரை படித்து அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் அங்கே ஆயாவாக இருந்த தனபாக்கியத்தின் கையில் இருந்தது. அது அவளுக்கும் தெரியாது.

அறுபத்தெட்டாம் வருஷம் பரமக்குடியிலிருந்து கப்பலேறி வந்தவள் தனபாக்கியம். மூச்சிரைக்கும் கிழவர்களுக்கு வைக்கிற ரப்பர் மாஸ்க்குகளைச் சுத்தமாக வைத்திருப்பது அவள் வேலை. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம் என்றிருந்தார் வங்காளி டாக்டர். சேர்ந்த அன்றே மாஸ்க்கைக் காட்டி, "ரோஜ் உபால்னா" என்று இந்தியில் உத்தரவு போட்டார். தினமும் கொதிக்க வை என்று அர்த்தம். தனபாக்கியத்தின் காதில் 'உப்பால்' என்று விழுந்தது. அன்று முதல் கல்லுப்பைக் கரைத்து, மாஸ்க்குகளை மாவடு மாதிரி ஊறப்போட்டாள். உப்பு எங்கே போகிறது என்று சமையல்காரி ஜெயமணி சண்டைக்கு வந்தாள். டாக்டர் உத்தரவு என்று தனபாக்கியம் அவள் வாயை அடைத்தாள்.

காட்டிலாகாவில் மரம் இழுத்து ஓய்ந்த சிவஞானம், மாஸ்க்கை எடுத்ததும் உதட்டை நக்கிக்கொள்வார். "கஞ்சியில குறைச்ச உப்ப சர்க்கார் காத்துல போட்டுத் தருது ஆத்தா," என்பார்.

மூன்றாம் மாதக் கடைசியில் டாக்டர் நிரந்தர உத்தரவோடு வந்தார். மாஸ்க்கின் இரும்புக் கவ்வி துருவேறிக் கிடந்தது. அவர் முகம் சுருங்கியது. தனபாக்கியம் போய்விட்டால் தமிழில் பேச ஆளில்லையே என்று சிவஞானம் முந்திக்கொண்டார். கடல் காற்றால் வந்த துரு, சாப் என்றார்.

தனபாக்கியத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று மாத உழைப்பைக் காற்றில் விடுவதா?

"காத்தெல்லாம் இல்ல சாப். நீங்க சொன்ன மாதிரி தினம் உப்பால்தான்."

"உபால்? சபாஷ்," என்று, அந்த ஒரு சொல் மட்டும் புரிந்த டாக்டர் பேனாவைத் திறந்தார்.

இரண்டு மொழியும் தெரிந்த சிவஞானம் அப்போதுதான் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அடி ஆத்தா, உபால்னா கொதிக்க வைக்கிறது. நீ எங்கள உப்புக்கண்டம் போட்டிருக்கே."

தனபாக்கியத்துக்கு வேலை மறந்துபோயிற்று. கொதிக்காத மாஸ்க்கை அல்லவா மூன்று மாதமாக இவர்கள் முகத்தில் வைத்திருக்கிறாள். டாக்டர் கையிலிருந்ததையும் பிடுங்கிக்கொண்டு ஓடி, எல்லாவற்றையும் ஜெயமணியின் சோற்று உலையில் போட்டாள். அன்று மதியம் யாருக்கும் சோறில்லை.

டாக்டர் சிவஞானத்திடம் விஷயத்தைக் கேட்டு, பேனாவை மூடினார். இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். அந்த மூன்று மாதமும் அவர் எதைச் சொன்னாலும் கையால் செய்து காட்டச் சொன்னாள் தனபாக்கியம். விரல்களை மேலும் கீழும் ஆட்டித் தண்ணீர் கொதிப்பதை நடித்துக் காட்டிய பிறகே அடுப்பு மூட்டினாள். நடித்து அலுத்தோ என்னவோ, டாக்டர் நிரந்தரமாக்கிவிட்டார்.

அடுத்த கப்பலில் வேலைக்கு வருகிறவர்கள் யாரையாவது தெரிந்தால், இதை அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.