உடையார்பாளையத்தில் ஒரு மாடிப்படி

ஞாயிறு காலை ஒன்பது பத்துக்குப் பெரம்பலூரில் பஸ் ஏறினேன். கரூரிலிருந்து ஆபீஸ் வேலையாக வந்தவள், வீட்டுக்குத் திரும்பாமல் உடையார்பாளையம் போகிறேன் என்றதும், "பேய்ப் படம் எடுத்த வீட்டைப் பார்க்கத் தனியாவா?" என்று போனில் என் கணவர் கேட்டார். அந்தப் படத்தைப் பத்து வயதிலிருந்து எத்தனை முறை பார்த்தேனோ, கணக்கில்லை. அதில் ஒரு பெண் மரப்படியேறி மாடிக்குப் போவாள், இறங்கவே மாட்டாள். அந்தப் படியைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அரியலூரில் பஸ் மாறினேன். உடையார்பாளையத்துக்கு டிக்கெட் முப்பது ரூபாய். சுண்ணாம்புக்கல் லாரிகள் உரசுவதுபோல் கடந்தபோதெல்லாம் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். யார் வீட்டுக் கதவையோ தட்டி என்னவென்று சொல்வது என்ற கவலை வேறு.

பதினொன்றரைக்கு இறங்கி, டீக்கடையில் விசாரித்தேன்.

"அந்தப் பேய்ப் படம் எடுத்த வீடு எங்கங்க இருக்கு?"

"பத்திரம் எழுதுறவரு வூடுங்களா? நேரா போயி வலது பக்கம். நீல கேட்டு."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பட்டுப்புடவை அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். வேனில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"நாம போறது அந்த வூடுதானே?"

வேனுக்குள் பழத்தட்டு தெரிந்தது. செந்துறையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள். பேய் என்ற சொல்லை நான்தான் அவர்கள் காதில் போட்டிருந்தேன்.

அரியலூர் பஸ் எதிரில்தான் நின்றது. ஏறியிருக்கலாம். ஆனால் நான் சொன்ன சொல் இங்கேயே கிடக்குமே. வேன் கிளம்புவதற்குள் வேகமாக நடந்தேன்.

நீல கேட்டைத் திறந்த அம்மா என் கையிலிருந்த போனைத்தான் முதலில் பார்த்தார்.

"படம் புடிக்க வந்தீங்களா? இன்னிக்கு வேணாம்ங்க. பொண்ணு பாக்க வராங்க."

நடந்ததைச் சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதனாலயே மூணு எடம் தட்டிப் போச்சு. இவங்களுக்குத் தெரியாதுன்னு இருந்தோம்."

"மன்னிச்சிருங்க. நான் போயிடுறேன்."

"இருங்கக்கா." உள்ளேயிருந்து மகள் வந்தாள். பெயர் கவிதா, ஜெயங்கொண்டத்தில் மருந்துக்கடையில் வேலை. புடவையில் பாதிதான் பின் குத்தியிருந்தாள். "இப்ப நீங்க ஓடுனா இன்னும் தப்பாத்தான் தெரியும்."

வேன் வந்தது. பட்டுப்புடவை அம்மாள்தான் மாப்பிள்ளையின் அம்மா. கூடத்தில் உட்காருவதற்கு முன்பே என்னைப் பார்த்துவிட்டார்.

"இவங்க யாரு? டீக்கடையில பாத்தமே."

கவிதாவின் அம்மா, "சொந்தக்கார..." என்று தொடங்கி நிறுத்தினார். பத்திரம் எழுதும் அவள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொந்தம் இல்லீங்க. படத்துல வந்த மாடிப்படிய பாக்க வந்தவங்க," என்றாள் கவிதா. "இங்கதான் எடுத்தாங்க. அப்ப நான் பொறக்கல. மேல ரூமுலதான் நான் தினமும் தூங்குறேன். நீங்களும் வந்து பாருங்க அத்தை."

அத்தை என்றதும் அந்த அம்மாளின் முகம் சற்று இளகியது. எழுந்தார். இருவரும் படியேறினார்கள். கைப்பிடி, ஒன்பதாவது படியில் திருப்பம், எல்லாம் படத்தில் பார்த்தபடியே இருந்தன. அதற்கு மேல் நிமிர்ந்து பார்க்க நான் துணியவில்லை. மேலே காலடிச் சத்தம் நின்றது. மாப்பிள்ளை கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்து ஒருமுறைகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

கால் மணி நேரம் கழித்து இறங்கிவந்தார்கள். அந்த அம்மாள் கவிதாவின் தோளைப் பிடித்தபடி வந்தார், முட்டிவலி போலிருக்கிறது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பஜ்ஜி எடுத்தார்.

"மேல நல்ல காத்து வருது. புள்ள மறைக்காம பேசுது." பிறகு கவிதாவின் அப்பாவிடம், "எங்க வூட்ட பாக்க என்னைக்கு வர்றீங்க?"

அவர் எழுந்து சுவரிலிருந்த காலண்டரிடம் போனார். கவிதாவின் அம்மா சமையலறைக்குள் போய்விட்டார்.

விடைபெற்றபோது கவிதா கேட் வரை வந்தாள். "படியில ஏறிப் பாக்கலயேக்கா?"

"பரவாயில்ல."

"இத எங்கயாவது எழுதுனா தெருப் பேர போடாதீங்க."

போடவில்லை. அவள் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். கரூரில் எங்கள் வீடு வாடகை வீடு, சாயம் போன சுவர். அதன் முன் நின்று யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஜெயங்கொண்டம் பக்கமிருந்து பஸ் வரும்வரை யோசித்துக்கொண்டு நின்றேன்.