ஈவும் இரக்கமும்

பள்ளிக்கூட வாழ்க்கையில் கணக்குப் பாடத்துக்கு நான் செய்த ஒரே தொண்டு ஒரு சொல்தான். அந்தச் சொல்லும் தப்பு. ஆனாலும் காலடிப்பேட்டையில் ஒரு வகுப்பு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்ததில் அந்த வயதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது ஊரடங்கு. கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டினார். அப்பா, அம்மா, நான், தம்பி, பிறகு அப்பாவின் தங்கை. அத்தை காலடிப்பேட்டையில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். தற்காலிக டீச்சர். 'நிரந்தரம்' என்ற சொல் எங்கள் வீட்டில் ஜெபத்தில்கூட வரும். ஜெபமாலை முடிந்ததும் அத்தை வேலைக்காக மாதாவிடம் அப்பா தனியாக ஒரு வேண்டுதல் வைப்பார். வேலை நிரந்தரம் ஆனால் மாப்பிள்ளை பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. மாப்பிள்ளையில் அத்தைக்கு எவ்வளவு அக்கறை இருந்ததோ தெரியாது. பாடம் நடத்துவதென்றால் மட்டும் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

பள்ளிகளை மூடியதும் அவள் பாடம் கைப்பேசிக்குள் வந்தது. பிள்ளைகளின் அப்பாக்கள் வேலை முடிந்து ஃபோனோடு வீடு திரும்பிய பிறகுதான் வகுப்பு. அதனால் சாயங்காலம், சரியாக அம்மா உலை வைக்கிற நேரத்தில், அரிசி டப்பாவின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்துவிடுவாள். அரிசி அந்த டப்பாவுக்குள் இருக்கும்.

"டீச்சரம்மா, உன் இஸ்கூல கொஞ்சம் நவுத்து. ஒல கொதிக்குது" என்பாள் அம்மா.

"இரு அண்ணி, ஒரு பையன் கணக்குல மாட்டிக்கினு கீறான்" என்பாள் அத்தை.

அவர்களுக்குள் இது தினப்படிச் சண்டை. இருவரும் வாய்க்கு வாய் பேசி, கடைசியில் ஒரே கிளாஸில் டீயைப் பாதிப் பாதி குடிப்பார்கள்.

இணையத்தில் எங்கெங்கோ தேடி அத்தை பாடத்துக்குப் பொருள் கொண்டுவருவாள். ஒரு பலகை இருந்தது. அவள் இங்கே மீன் வரைந்தால் அது பிள்ளைகளின் திரையிலும் வரும். விரலால் இழுத்தால் மீன் கூடைக்குள் போகும். தப்பான கூடையில் போட்டால் துள்ளி வெளியே விழும். மீன் துள்ளுவதைப் பார்க்கவே சில பிள்ளைகள் வேண்டுமென்று தப்பாகப் போட்டன. பட்டன் ஃபோன் மட்டும் இருந்த வீடுகளுக்கு வேறு ஏற்பாடு. அவர்களுக்குக் கூப்பிட்டுக் கணக்கைச் சொல்லி வைத்துவிடுவாள். விடை ஒற்றை எண் என்றால் ஒரு மிஸ்டு கால், இரட்டை எண் என்றால் ரெண்டு. ஏழு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் ஃபோன் அடித்து அடித்து நிற்கும். யாரும் எடுக்க மாட்டோம். அத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

என் பள்ளியில் ஒப்புக்குத்தான் வகுப்பு நடந்தது. ஆறாம் வகுப்பு முடித்திருந்தும் நான் அத்தையின் ஐந்தாம் வகுப்பில், திரையில் முகம் தெரியாமல் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் அந்த வகுத்தல் பாடம் வந்தது.

"இருவத்தி மூணு சங்கரா மீனு கீது. வூட்ல அஞ்சு பேரு. ஆளுக்கு எத்தினி?" என்றாள் அத்தை.

பிள்ளைகள் மீன்களை இழுத்தார்கள். கூடைக்கு நாலு நாலாக விழுந்து, மூன்று மீன் வெளியே நின்றது.

"ஆளுக்கு வந்ததுக்குப் பேரு ஈவு. வெளிய நிக்குதே மூணு, அதுக்குப் பேரு இன்னா?"

நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். ஈவு என்ற சொல்லை அதற்குமுன் ஒரே ஓர் இடத்தில்தான் கேட்டிருந்தேன். தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போகும் கீழ்வீட்டுக்காரரை அம்மா திட்டுவாள், "ஈவு எரக்கம் இல்லாத மன்சன்" என்று. ஈவு வந்தால் அதன் பின்னாலேயே எது வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"எரக்கம்!" என்று கத்தினேன்.

கைப்பேசிக்குள் ஒரு வகுப்பே சிரித்தது. அடுப்படியில் அம்மா சிரித்தாள். எனக்கு அழுகை முட்டியது. அத்தை என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு, "யாரு சொன்னதோ, கரெக்ட்டா சொல்லிட்டாங்கோ" என்றாள்.

"புக்குல அதுக்குப் பேரு மீதி. பரீட்சைக்கி அப்டித்தான் எழுதணும். ஆனா நம்ம வூட்ல அதுக்குப் பேரு எரக்கம். கூடையில வுழுந்தது நம்முது. பிரிக்க முடியாம மிஞ்சினத நாம வெச்சிக்கக் கூடாது. வெளிய நிக்கிறவங்களுக்குக் குடுக்கணும். யாருக்குக் குடுக்கலாம், நீங்களே சொல்லுங்க."

அன்று வரை வாய் திறக்காத பிள்ளைகளெல்லாம் பேசின. ஒருவன் பூனைக்கு என்றான். ஒரு பெண், "எங்க வூட்டாண்ட ஒரு ஆயா தனியா கீது டீச்சர், அதுக்கு" என்றது. கடல்லயே வுட்டுடலாம் என்றது ஒரு குரல். விவரமான ஒரு பையன் மட்டும், மிஞ்சினதையும் வெட்டிப் பங்கு போட்டால் என்ன என்று கேட்டான்.

"போடலாம். ஒரு புள்ளி வெச்சா மிஞ்சினதும் பிரிஞ்சிடும். அது அடுத்த வருசத்துப் பாடம்" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு வகுத்தல் என்றால் அந்த வகுப்புக்குக் கொண்டாட்டம். விடையைச் சொல்லிவிட்டு, இரக்கம் யாருக்கு என்பதையும் சொன்னால்தான் கணக்கு முடியும். எங்கள் வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. சட்டியில் ஒரு துண்டு மீன் மிஞ்சினால் நானும் தம்பியும் எரக்கம் எரக்கம் என்று சண்டை போடுவோம்.

பள்ளிகள் திறந்தன. அத்தை மறுபடி ராயபுரத்தில் ரயில் ஏறித் திருவொற்றியூரில் இறங்கிப் போய்வர ஆரம்பித்தாள். அந்த வருடம் நிரந்தரம் ஆகிவிடும் என்று பள்ளியில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் பிள்ளைகளின் கற்றலைச் சோதிக்க மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கரும்பலகையில் ஒரு வகுத்தலைப் போட்டு, வகுத்தால் என்னென்ன கிடைக்கும் என்று கேட்டார். பிள்ளைகள் டீச்சருக்கு நல்ல பேர் வாங்கித் தரும் ஆசையில் எழுந்து நின்று, ஒரே குரலில், "ஈவும் எரக்கமும் சார்" என்றன. யாருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு குழந்தை அதிகாரியையே திருப்பிக் கேட்டதாம்.

விடை எல்லோருக்கும் சரியாக வந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

பள்ளி நிர்வாகி வெளியூர்க்காரர். அதனால் விசாரணையும் கைப்பேசியிலேயே நடந்தது, அதே அரிசி டப்பாவின் மேல். எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு அத்தை புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். கைப்பேசியில் நடந்த பழைய வகுப்புகளின் பதிவுகளை நிர்வாகத்தார் போட்டுப் பார்த்திருந்தார்கள். 'கீது'ம் 'இன்னா'வும் ஓர் ஆசிரியை பேசுகிற பேச்சா என்று ஒரு குரல் கேட்டது. அத்தை புத்தகத்தில் உள்ளதுபோலப் பேசினாள். "இனிமேல் திருத்திக்கொள்கிறேன் ஐயா" என்றாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள்.

"நான்தான் சொன்னேன் ஐயா. வேறு யாரும் சொல்லவில்லை."

எனக்குச் சிரிப்பு நின்று கோபம் வந்தது. என் சொல். நான் கண்டுபிடித்தது. அதைப் பெரிய மனிதர்கள் முன்னால் தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறாளே என்று மனம் கொதித்தது. அன்று அம்மா அரிசி டப்பாவைக் கேட்கவே இல்லை. உலை தானாகக் கொதித்து வற்றியது. சோறு நேரம் கழித்துத்தான் ஆனது. அதற்கும் அத்தைமேல்தான் எனக்குக் கோபம்.

அத்தையின் வகுப்புக்கு வேறொருவர் வந்துவிட்டார். அத்தை வீட்டில் இருந்தாள். பட்டன் ஃபோன் பிள்ளைகள் சில கொஞ்ச நாள் ஏழு மணிக்கு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தன. பிறகு நின்றது. இப்போது அவள் எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். அங்கே நிரந்தரம். தம்பி கணக்கில் சந்தேகம் கேட்டால், "நெட்டுல பாரு, நல்லா சொல்லிக் குடுக்கறாங்கோ" என்பதோடு சரி.

நான் சொல்ல வந்தது வேலை போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. பூசை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். சங்கரா வறுவல். ஆளுக்கு ஒரு துண்டு வைத்த பிறகு சட்டியில் ஒன்று மிஞ்சியது. நானும் தம்பியும் வாயைத் திறக்குமுன் அம்மா அதை எடுத்து அத்தை தட்டில் வைத்தாள்.

"சாப்புடும்மா" என்றாள். டீச்சரம்மா என்று சொல்லவில்லை.

அத்தை அந்தத் துண்டைப் பார்த்தாள். "இன்னா அண்ணி, எரக்கமா?" என்று கேட்டாள். லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

நான் உரக்கச் சிரித்தேன். என் சொல்லுக்கு வீட்டில் இன்னும் மரியாதை இருக்கிறதே என்ற சந்தோஷம். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அத்தை அந்தத் துண்டைப் பிய்த்தாள். முள் பார்த்து, பொறுமையாக, ஐந்தாகப் பிய்த்து ஒவ்வொரு தட்டிலும் ஒரு துணுக்கு வைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கணக்கு தப்பு அத்த. அதப் பிரிக்கக் கூடாது. மிஞ்சினது வெளிய நிக்கிறவங்களுக்குத்தான். நீதான சொன்ன?"

"வாய மூடு" என்றார் அப்பா. அவர் என்னிடம் அப்படிக் குரலுயர்த்தியதில்லை. சரியான விடை சொன்னதற்குத் திட்டு வாங்குகிற அநியாயத்தில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கொயந்தய திட்டாதண்ணா" என்றாள் அத்தை. "அது கரெக்ட்டாதான் சொல்லுது. நான் சொன்னதுதான்."

தன் தட்டிலிருந்த துணுக்கை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். தொண்டை அசைந்தது, இறங்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. முள் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுகையைத் துடைத்துக்கொண்டு என் தட்டிலிருந்த வெறுஞ்சோற்றை உருட்டி அவளிடம் நீட்டினேன்.

"மெல்லாம அப்டியே முழுங்கு அத்த. போயிடும்."

அத்தை வாங்கி விழுங்கினாள். போச்சா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். இன்னோர் உருண்டை உருட்டினேன்.