பிறந்த வீட்டு வியாதி

சின்னப்பிள்ளைக்குக் கழுத்துவலி என்பது வெளியே தெரிந்தால் அவள் வாழ்க்கை போச்சு. கல்யாணமாகி இரண்டு வருடம். அன்னவாசல் பக்கத்துக் கண்மாய் வேலையில் தினமும் மண் சுமப்பாள். முதல்முறை கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதே மாமியார் பொன்னுத்தாய் கத்திவிட்டாள்: "எங்க வம்சத்துல இப்படி ஒருத்தி உக்காந்ததில்ல. இது ஒங்க ஆத்தா வீட்டு வியாதி. இன்னொரு தடவ பாத்தேன், அங்கிட்டே கொண்டுபோய் விட்டுருவேன்." அதன்பிறகு எட்டு மாதம் வலியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. மடத்தனம்தான். ஆனால் தாய் செத்துப்போன வீட்டில் இருப்பது அண்ணிதானே, அவளா சேர்த்துக்கொள்வாள்?

1957-இல் ஒரு செவ்வாய்க்கிழமை. மாமியார் சந்தைக்குக் கிளம்பிய கையோடு, வெறும் வயிற்றில் இருளாயி வீட்டுக்கு நடந்தாள். இருளாயி கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப்பட்டவர்கள் இடது காலால் மூன்று முறை நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

நானும் அங்கே கழுத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். குளத்தூர் தாலுகா ஆபீஸ் கிளார்க். பேனாவைவிடக் கனமாக எதையும் தூக்கியறியாதவன்.

"நீங்களும் மண்ணு சொமக்குறீங்களா சார்?" என்றாள் சின்னப்பிள்ளை, திகைத்துப்போய்.

"இல்லம்மா. குனிஞ்சு எழுதுறேன், அவ்வளவுதான்."

அவள் வரிசையைப் பார்த்தாள். கோட்டைப்பட்டினத்து வலைக்காரர் ஒருவர், ஒரு தையல்காரர், திருமயத்திலிருந்து வில்வண்டியில் வந்த மெய்யம்மை ஆச்சி. ஆச்சி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கியிருக்க மாட்டார். எல்லாருக்கும் கழுத்துதான்.

"ஆத்தாடி, இத்தன பேருக்கா!" என்று வாயைப் பிளந்தாள். எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆபீசில் எனக்கு மட்டும்தான் என்று வெட்கப்பட்டு, லீவுக்குப் பொய்க் காரணம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான்.

உள்ளிருந்து இருளாயியின் அதட்டல் கேட்டது. "ஆடாம படு. பதினஞ்சு வருஷமா வார, இன்னும் என்ன பயம்?"

சற்று நேரத்தில் சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு, கழுத்தைத் தடவியபடி பொன்னுத்தாய் வெளியே வந்தாள்.

சின்னப்பிள்ளை விருட்டென்று எழுந்தாள். மாமியார் கழுத்திலிருந்த கையைச் சட்டென்று கீழே இறக்கினாள். இந்தப் பெண்ணுக்கு இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்பறம் ஏன் அயித்தை என்னய அப்படிச் சொன்னீங்க?" என்றாள் சின்னப்பிள்ளை.

பொன்னுத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒன்ன எங்கிட்டும் விட மாட்டேன், உக்காரு. எங்க மாமியா என்னய வெரட்டிருவான்னு பயந்து ஒளிஞ்சு வர ஆரம்பிச்சேன். அவ செத்து ஆறு வருஷமாச்சு. இன்னமும் ஒளிஞ்சுதான்டி வாரேன்."