மீனைக் கொஞ்சம் பாத்துக்கம்மா

போன வருஷம் கோடை விடுமுறையில் நடந்தது இது. அரியலூரில் எங்கள் வீட்டில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போகிறவன் வீட்டில் மீன் தொட்டி எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். எனக்கு யாரிடமும் விளக்கிப் பேச வராது.

விஷயம் இதுதான். என் மனைவி வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் கட்டிலோடு கிடந்தாள். எந்நேரமும் சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பவளைக் காணப் பொறுக்காமல், பெரம்பலூரில் ஒரு கடையிலிருந்து கண்ணாடித் தொட்டியும் தங்க மீன்களும் வாங்கி வந்து கட்டில் பக்கத்தில் வைத்தேன். அவள் எழுந்து உட்கார்ந்ததும், பிறகு மெல்ல நடந்ததும் அந்த மீன்களுக்கு முன்னால்தான். அவற்றை அவள் மீன் என்றே சொல்வதில்லை. "புள்ளைங்க" என்பாள்.

உடம்பு தேறியதும், ஏற்காட்டில் வேலை பார்க்கும் அவள் தம்பி எங்களை அழைத்துக்கொண்டே இருந்தான். இவளோ புள்ளைகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள். ஒன்றும் ஆகாது, அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துத்தான் சம்மதிக்க வைத்தேன்.

மீன் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். நாலைந்து நாள் தீனி இல்லாவிட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகாது, பழக்கமில்லாதவர்கள் பாவம் பார்த்து அள்ளிப் போடும் தீனியால் தண்ணீர் கெட்டுத்தான் மீன் சாகும் என்றார். காற்றுக் குமிழி விடும் மோட்டார் மட்டும் நிற்கக்கூடாது என்றார். அவர் சொன்னபடியே தொட்டியில் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, முதல் நாளே வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றினேன். எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதில் பிளீச்சிங் பவுடரும் கலந்து விடுகிறார்கள். குழாயில் பிடித்ததை அப்படியே ஊற்றக்கூடாது. தினமும் வந்து பார்க்க, கூட வேலை செய்யும் நண்பரை ஏற்பாடு செய்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

கிளம்பும் காலையில் நண்பரிடமிருந்து போன் வந்தது. மீன்சுருட்டியில் நெருங்கிய சொந்தத்தில் சாவு, உடனே போகவேண்டும் என்றார். வாசலில் ஆட்டோ நிற்கிறது. மனைவியைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தாகிவிட்டது. சொன்னால் இறங்கிவிடுவாள்.

எதிர்வீட்டில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் இருந்தார். குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும், எதிரே பார்த்தால் நான் தலையாட்டுவதோடு சரி. அன்றைக்கு வேறு வழியில்லாமல் அவர் வாசலில் போய் நின்றேன். சாவியை நீட்டி, "மீனைக் கொஞ்சம் பாத்துக்கம்மா. தீனி எதுவும் போட வேணாம்" என்றேன். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

ஏற்காட்டில் மச்சானின் வீட்டுப் பக்கம் செல்போனில் சிக்னல் கிடையாது. ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மதியம், ஏரிக்கரைக்குப் போனபோதுதான் போன் உயிர்பெற்றது. மனைவி எப்போதோ என் போனில் பதிந்து வைத்திருந்த எதிர்வீட்டு எண்ணிலிருந்து வரிசையாக அழைப்பு வந்திருந்தது. மனைவியும் தம்பியும் படகுச் சீட்டு வாங்கப் போயிருந்தார்கள். நான் ஒதுங்கி நின்று அந்த எண்ணை அழைத்தேன்.

"அண்ணே, காலையிலேருந்து கரண்டு இல்ல. தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன். கை ஈரமா இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்சாரத்தை நிறுத்துவார்களே, அதை நான் யோசிக்கவே இல்லை. மோட்டார் நின்றிருக்கும். போதாததற்கு அந்தப் பெண் குழாய்த் தண்ணீரை வேறு ஊற்றிக்கொண்டிருக்கிறார். திரும்பத் திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை.

படகில் மனைவி, விழுந்ததற்குப் பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே, "என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். குளிருது என்றேன். அந்த மதிய வெயிலில் யாராவது நம்புவார்களா? அவள் நம்பினாள். முந்தானையை எடுத்து என் தோளில் போர்த்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் வழி நெடுகப் புள்ளைகள் பேச்சுதான். நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்து, ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். தொட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தது. மீன்கள் எல்லாம் இருந்தன. நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு அவர் தினமும் வந்து, தொட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தீனி போட வேண்டாம் என்றால் வேறு எதற்கு வரச் சொன்னேன் என்று அவருக்குப் புரியவில்லையாம். "நீங்கதான பாத்துக்கச் சொன்னீங்க. அதான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

அப்படிப் பார்த்துப் பழகியதால்தான், கரண்டு போன அன்று மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றதும் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"வெளித் தண்ணி ஒத்துக்குமோ என்னமோன்னு பயம்ணே. காத்துக்குத்தான தவிக்குதுங்க, டீ ஆத்துனா நுரை வருதுல்லன்னு தோணுச்சு. தொட்டித் தண்ணியவே செம்புல மொண்டு, உசரத் தூக்கி ஊத்திக்கிட்டே இருந்தேன்."

கரண்டு வரும்வரை ஊற்றியிருக்கிறார். கல்யாணத்துக்குத் துணி கொடுத்தவர்கள் வந்து நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்களாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வலது தோளை மட்டும் அடிக்கடி நீவிக்கொண்டார்.

நண்பர் வராத கதையும் அப்போதுதான் என் மனைவிக்குத் தெரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எங்க ஊட்டுக்காரரு அதிசயமா வாயத் தொறந்து ஒருத்தர்கிட்ட பேசியிருக்காரு. அதுலயும் பாதிய முழுங்கிட்டு வந்திருக்காரு பாரு" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகு நேரம் விடவே இல்லை.

நான் பாத்துக்கம்மா என்று சொன்னது வெறும் பேச்சுக்கு. வாசலில் நின்று வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னது. அவர் அதை வேலையாக எடுத்துக்கொண்டார். அன்றைக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். அவர் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாங்கிப் படிப்பவர், படித்து முடித்ததும் என் மனைவிக்குக் கொடுப்பார். எதிரே நின்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்: அன்றைக்கு நீ அந்த மீன்களை மட்டும் காப்பாற்றவில்லை, தங்கச்சி.