மவுஸின் வயிற்றில் வைத்த பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். நான் பத்தாவது வரை படித்தவள். கோர்வையாக எழுத வராது என்பது ஒரு பக்கம். சாமி காரியத்தைக் குறை சொல்கிறாள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். இந்த வெள்ளிக்கிழமை கற்பகாம்பாள் சந்நிதியில் நின்றபோது எழுதிவிடலாம் என்று தோன்றியது. சின்னப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் ரூமில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இது உதவினால் போதும்.

1. படம் போடும் ரூம்

மயிலாப்பூரில் மாட வீதிகளைத் தாண்டி, கால்வாய்ப் பக்கம் போகும் ஒரு சந்தில் சின்னப் பள்ளிக்கூடம். அங்கே கம்ப்யூட்டர் ரூம் அட்டெண்டராக இருந்தேன். எல்கேஜி, யூகேஜி பிள்ளைகளுக்கென்று படம் வரையும் சாஃப்ட்வேர் ஒன்றை அங்கே போட்டிருந்தார்கள். திரையின் இடது பக்கம் பிரஷ், ரப்பர், கலர் வாளி. வலது பக்கம் மீன், பட்டாம்பூச்சி முத்திரைகள். எதைத் தொட்டாலும் ஒரு சத்தம் வரும். தப்பாகப் போனால் ‘அன்டூ’ அடித்தால் பழையபடி ஆகிவிடும். பிள்ளைகள் எதைக் கெடுத்தாலும் கெடாத மாதிரி யாரோ புண்ணியவான் யோசித்துச் செய்திருக்கிறார்.

அந்த சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுக்காத ஒன்று உண்டு. கோடு நீளமாக வேண்டுமென்றால் பிள்ளைகள் மவுஸை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டே போவார்கள். மேஜை முடிந்து சுவரில் முட்டும். கோடு நின்றுபோகும். உடனே அழுகை. தூக்கிப் பழைய இடத்தில் வைத்து மறுபடி தள்ளலாம் என்பது அவர்களுக்குத் தானாகத் தோன்றாது. “தூக்கு, வை, தள்ளு” என்று பாட்டு மாதிரி சொல்லிச் சொல்லித்தான் பழக்குவேன்.

2. கரஸ்பாண்டென்ட் சொன்னது

கால்வாய் ஓரத்துக் குடும்பங்களை அரசாங்கம் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றிய பிறகு எங்களுக்குப் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். நவராத்திரி சமயம், பள்ளிக்கூடத்தை நடத்துகிற கரஸ்பாண்டென்ட் சார் என்னைக் கூப்பிட்டார். விஜயதசமிக்கு அட்மிஷன் போடுவது எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம்.

“செல்வி, இந்த விஜயதசமிக்கும் குழந்தைகள் வரலேன்னா எல்கேஜியை மூடிடப் போறேன். கம்ப்யூட்டர் ரூமை டியூஷன் சென்டர்காரன் கேட்டுண்டிருக்கான்.”

“வருவாங்க சார். ரூமைத் திறந்து வச்சு, வர்ற பிள்ளைங்களைப் படம் போட விடுவோம். ஒரு தடவை உட்கார்ந்துட்டா எழுந்து போக மாட்டாங்க.”

“பார்க்கலாம்” என்றார்.

அன்று சாயந்திரமே கால்வாய் ஓரத்தில் இன்னும் மிச்சமிருந்த வீடுகளுக்குப் போனேன். வாசலில் விளையாடிய ஒவ்வொரு பிள்ளையிடமும் நேரிலேயே சொன்னேன். அப்பா அம்மாவிடம் சொல்வதைவிட அதுதான் பலிக்கும்.

3. ஆயுத பூஜை

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டு, பொரியும் வாழையிலையும் வாங்க நான் கடைக்குப் போயிருந்தேன். கரஸ்பாண்டென்ட் சாரின் மனைவியை நாங்கள் எல்லோரும் மாமி என்றுதான் சொல்வோம். நான் திரும்பி வருவதற்குள் மாமியே சந்தனம், குங்குமம் இட்டு, மவுஸின்மேல் எல்லாம் பூவைப் போட்டு மூடியிருந்தார். பூஜை நன்றாக நடந்தது. ரூமைப் பூட்டினோம்.

மறுநாள் விஜயதசமி. காலையில் புனர்பூஜை முடித்து, பூவை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர்களைப் போட்டேன். திரை வந்தது. சாஃப்ட்வேரும் தானாகத் திறந்தது. மவுஸை நகர்த்தினேன். அம்பு அசையவில்லை. பக்கத்தில் இருந்ததும் அப்படியே. எல்லாமே அப்படியே.

அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் ஒரு ஆட்டோக்காரர். அவர் கையைப் பிடித்தபடி மகள் தர்ஷினி, நான் வாசலில் பார்த்துச் சொன்ன பிள்ளைகளில் ஒருத்தி. கூடத்தில் பச்சரிசித் தட்டில் ‘அ’ எழுதக் கூப்பிட்டதற்குக் கையை மூடிக்கொண்டு, “படம் போடணும்” என்று இங்கே இழுத்து வந்திருந்தாள்.

“இன்னாக்கா, அம்பு நவுரவே மாட்டேங்குது?”

“இருங்கண்ணே, பார்க்கறேன்.”

“நேத்து பூஜை போட்டியா? என் ஆட்டோவுக்கும்தான் எலுமிச்சம்பழம் வச்சேன். அது ஓடிக்கினு கீது.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் ஒயரைக் கழற்றி மாட்டினேன். அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

“ஓடாட்டி சொல்லுக்கா. மெயின் ரோட்டு ஸ்கூல்ல சேத்துட்டு நான் சவாரிக்குப் போவணும்.”

அவர் போனால் பின்னால் நிற்பவர்களும் போய்விடுவார்கள். அம்மா தாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மவுஸைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சம் வருகிற ஓட்டை நிறையச் சந்தனம். அதன்மேல் குங்குமம். ராத்திரியில் நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது. கூட்டத்தைப் பார்த்து மாமியும் அதற்குள் ரூமுக்குள் வந்திருந்தார்.

“மாமி, பொட்டை அடியிலயா வச்சீங்க?”

“ஆமாம். மேல வச்சா அந்தப் பட்டன் ஏதாவது அமுங்கிடப் போறதேன்னுதான். அடிப்பக்கம் சமமா இருந்துது.”

“இதைத் துடைச்சாத்தான் மாமி ஓடும்.”

மாமி முகம் மாறிவிட்டது. “என்னடி சொல்றே? நல்ல நாளும் அதுவுமா பொட்டை அழிக்கறதாவது. அது தானா உதிரணும்.”

ஆயுத பூஜைக்கு இட்ட பொட்டை எங்கள் வீட்டிலும் யாரும் துடைத்ததில்லை. நானும் சுமங்கலி. ஆனால் தர்ஷினி அப்பாவின் கையை விட்டுவிட்டு, நாற்காலியில் ஏறி, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மாமி, இந்த ஓட்டைதான் இதுக்குக் கண்ணு. இது வழியா மேஜையைப் பார்த்துத்தான் நகரும். பாவம்னா எனக்கு வரட்டும். நான் எடுக்கறேன்.”

மாமி மவுஸை என் கையிலிருந்து வாங்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“அம்பாளுக்குச் சந்தனக்காப்பு சாத்தினாலும் கண்ணை விட்டுத்தானேடி சாத்துவா” என்றார். “நான் கண்ணுலயே அப்பி வச்சிருக்கேனே.”

கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினார். “ஆனா கீழ சிந்தப்படாது. ஒரு வெத்தலை எடு.”

இரண்டு பேருமாக, விளக்குத்திரிப் பஞ்சும் ஹேர்பின்னும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மவுஸாகச் சுரண்டினோம். எடுத்த சந்தனத்தையெல்லாம் மாமி வெற்றிலையில் சேர்த்தார். துளித் தண்ணீர் விட்டுக் குழைத்தார். முதல் பொட்டைத் தர்ஷினி நெற்றியில் இட்டார்.

“அழிக்கலை. இடம் மாத்தி வச்சிருக்கேன்” என்றார்.

அம்பு நகர்ந்தது. தர்ஷினி மவுஸை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். சுவரில் முட்டியது. உதடு பிதுங்கியது. “தூக்கு, வை, தள்ளு” என்றேன். செய்தாள். பிறகு அந்தக் கலர் வாளியைக் கண்டுபிடித்து அமுக்கினாள். திரை முழுக்க மஞ்சள்.

“நைனா, பாரு.”

அவர் பார்த்துக்கொண்டேதான் நின்றார். சவாரியைப் பற்றிப் பிறகு பேசவில்லை. மாமி அரிசித் தட்டை அங்கேயே கொண்டுவந்து, அவள் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தார். எழுதி முடித்துவிட்டு அவள், “இதுல கலர் வராதா?” என்று கேட்டாள்.

“பேர் எழுதிக்கக்கா” என்றார் ஆட்டோக்காரர்.

அவர் பின்னால் நின்ற பெண்களும் பிள்ளைகளின் பேரைக் கொடுத்தார்கள். எல்கேஜியை மூடவில்லை. நான் ஓய்வு பெறும் வரை அந்த ரூமின் சாவி என்னிடம்தான் இருந்தது.

4. கற்றுக்கொண்டது

வேலைக்கும் சாமிக்கும் நடுவில் முட்டல் வந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். உங்களைவிடப் பக்தி உள்ளவரிடம் பொருளைத் திருப்பிக் காட்டி, உள்ளதைச் சொல்லுங்கள். வழி அவர் வாயிலிருந்தே வரும். மவுஸுக்குப் பொட்டு இடுவதானால் முதுகில் இடுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இட்டால் பட்டன் அமுங்கினாலும் ஒன்றும் ஆகாது.

இந்தச் சம்பவத்தைச் சந்தில் இப்போது வேறு மாதிரி சொல்கிறார்கள். அம்பாளே வந்து மவுஸை ஓட்டினாள் என்கிறார்கள் சிலர். மாமி பூஜை போட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்தார் என்று சிரிக்கிறார்கள் சிலர். மாமி இன்று இல்லை, பதில் சொல்ல. அவர் ஹேர்பின்னோடு என் பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டியதை நான் பார்த்தேன். யாரிடமாவது சொல்வதானால் இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். அற்புதத்தைச் சேர்க்க வேண்டாம். மாமியை விட்டுவிடவும் வேண்டாம்.