திரைக்கு அந்தப் பக்கம்

பால்டிக் கடலில் ஒரு தீவு இருப்பது அந்தக் காலத்து அக்குறணையில் ஏழு வயதுக்காரி எனக்குத்தான் நன்றாகத் தெரியும். பெருமைக்குக் கேட்பானேன்! சொன்னவர் மாமியின் மகன், மச்சான். கொழும்பில் கப்பலேறி உலகம் சுற்றியவர். என் மூத்தவள் ராத்தாவுக்கும் அவருக்கும் நிக்காஹ் பேசி முடித்திருந்தது. ராத்தாவின் இருமல் நிற்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். கண்டி டொக்டர் கைவிரித்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை.

பேசி முடித்த பெண் மாப்பிள்ளையின் முன்னால் வரக்கூடாது. அதனால் மச்சான் விறாந்தைக் கதிரையில் இருப்பார், நான் அவர் காலடியில். வாசல் திரைக்கு அப்பால் ராத்தா பாயில் படுத்திருப்பாள். பக்கத்தில் இருக்கிற எனக்குக் கதை சொல்ல இந்த மனுஷன் ஏன் இப்படிக் கத்துகிறார் என்று எரிச்சலாக வரும்.

சுண்ணாம்பு மலையொன்று வெள்ளை வெளேரென்று செங்குத்தாகக் கடலில் இறங்குமாம். காடு அதன் விளிம்பு வரை வந்து நிற்குமாம். கோடையில் நாம் படுக்கிற நேரத்திலும் அங்கே வெளிச்சம் இருக்குமாம். ராத்தாவுக்கு மஃரிபோடு காய்ச்சல் ஏறும். பொழுது சாய்வதென்றாலே பயம்.

"அங்க பொழுதே படாதா எண்டு கேளுடி."

கேட்டேன்.

"லேசில படாது எண்டு சொல்லு."

நன்றாகக் காது கேட்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரி!

"பொம்பளைகள் போகலாமா, கேளு."

"ரெண்டு பேராப் போகலாம்."

"அப்ப நானும் வருவேன்" என்றேன். திரைக்குள் சிரிப்புக் கேட்டது, பிறகு நெடுநேரம் இருமல். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று ஒரு மஞ்சள் கல்லை என் கையில் வைத்தார். மரப்பிசின் காலங்காலமாக இறுகிக் கல்லானதாம், அந்தத் தீவின் அலை கரையில் ஒதுக்கியதாம். "உனக்குத்தான். உள்ளுக்கும் காட்டு" என்றார். உள்ளே போன கல் திரும்பி வரவில்லை. ராத்தா அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அழுதேன், உம்மாவிடம் கோள் சொன்னேன், ஒன்றும் பலிக்கவில்லை.

மழைக்காலத்தில் ராத்தா மவுத்தானாள். அடக்கிவிட்டு வந்த மச்சானிடம் உம்மா அந்தக் கல்லைக் கொடுத்தாள். அவர் அதைப் பொத்திக்கொண்டு அதே கதிரையில் இருந்தார். திரையை யாரோ கழற்றியிருந்தார்கள். சுருட்டி வைத்த பாய் தெரிந்தது.

"அது எனக்குத் தந்தது!" என்று கத்தினேன்.

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையைத் திறந்தார்.

"ஓ புள்ள, உனக்குத்தான் தந்த" என்று கல்லை என் உள்ளங்கையில் வைத்தார்.

அன்றைக்கு அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தவள் நான் ஒருத்திதான்.