ஊரையே ஓட வைத்த ஒரே அடி

போன வருஷம் பங்குனிப் பொங்கல் சமயம், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சின்ன ஊரின் அம்மன் கோவில் பொட்டலில் நடந்தது இது. நான் ஒரு ராக் பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறேன். சிரிக்காதீர்கள். விருதுநகரில் பருப்பு மண்டிக் குடும்பத்தில் பிறந்த பெண் டிரம்ஸ் வாசிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பேண்டு என்றதுமே, "கல்யாணத்துக்கு வருவீகளா, யூனிபார்ம் உண்டுமா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

எங்கள் குழுவை ஆரம்பித்தது சாத்தூர்க்காரர்களான ஓர் அண்ணனும் தம்பியும். இருவருமே கிடார். தம்பி பாடவும் செய்வான். பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு, எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே எழுதியது. பாட்டால் எங்களுக்கு எவ்வளவு பெயர் கிடைத்ததோ, அதைவிட அதிகமாகச் சண்டையால் கிடைத்தது. பேஸ் கிடார் வாசித்தவர் கோவித்துக்கொண்டு மதுரை ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போனார், வந்தார், மறுபடியும் போனார். ஒரு கச்சேரியில் தம்பி பாடிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் அவன் மைக் வயரைப் பிடுங்கிவிட்டார். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டோம்.

கடைசியில் எங்களை உடைத்தது ஒரு போஸ்டர். தம்பிக்கு சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. கச்சேரி போஸ்டரை அவனே டிசைன் பண்ணி, அவனே அடித்துக்கொண்டு வந்தான். அதில் அவன் ஆளுயரத்துக்கு நிற்கிறான். அண்ணன் ஸ்டாம்பு சைஸில், கீழே, விளம்பரம் கொடுத்த கடைகளுக்கு நடுவில் இருக்கிறார். "என்னைய மளிகைக்கடை விளம்பரம்னு நினைச்சியாலே?" என்று கேட்டுவிட்டு அவர் அதைக் கிழித்தார். அத்தோடு பேச்சு நின்றது. சமாதானம் பேசப் போன நான் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் அந்த ஊர்க்காரர்கள் எங்களைத் திருவிழாவுக்கு முந்தின நாள் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். தம்பி சரி என்றுவிட்டான். அண்ணனுக்கு நான்தான் போன் போட்டேன். "வாசிக்கல்லாம் வர மாட்டேன். என் ஆம்ப்ளிபயர் அவன்கிட்ட கெடக்கு. அத எடுக்க மட்டும் வாரேன்" என்றார். அந்தப் பெட்டியை அவர் தூக்கிக்கொண்டு போய்விட்டால் குழு முடிந்தது. என் டிரம்ஸும் முடிந்தது. வீட்டில் அதை விற்கச் சொல்லக் காத்துக்கொண்டிருந்தார்கள். இனி என்ன சாக்குச் சொல்லித் தப்பிப்பேன்?

மத்தியானமே போய் மேடையில் எல்லாவற்றையும் மாட்டினோம். சீசன் நேரம். ஊரில் பாதிப் பேர் அன்றைக்கும் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து வாடகைக்கு எடுத்த பேஸ் ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டும் பீரோ உயரம். சத்தத்தை யாரோ முழுசாகத் திறந்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. மைக் மாட்டியிருந்த பெரிய டிரம்மின் பெடலை ஒரே ஒரு அழுத்து அழுத்தினேன்.

தொம்!

கூரைத் தகரமெல்லாம் கிடுகிடுத்தது. அதே நொடியில் எங்கேயோ ஃப்யூஸ் போய் ஊரெங்கும் கரண்ட்டும் போனது. எனக்கு ஒரே சிரிப்பு. தம்பியைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயோ, கெட்டுச்சு போ" என்றான்.

அப்புறம்தான் பார்த்தேன். வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கையெல்லாம் தோசை மாவு. ஒருத்தி தலையில் சீயக்காய் நுரை. யாரும் அலறவில்லை, யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே திசையில், கம்பெனி இருக்கும் பாதையில் ஓடினார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய சத்தம் கேட்டு, அதற்குப் பின் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கம்பெனியில் வெடிவிபத்து. போன் போட்டுக் கேட்கவும் வழியில்லை, கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள். கேட் வரை ஓடிப் போய்க் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

மைக்கில் சொல்லலாம் என்றால் கரண்ட் இல்லை. மேடையிலிருந்து குதித்து நாங்களும் பின்னாலேயே ஓடினோம். முன்னால் ஓடிய ஓர் அக்காவை எட்டிப் பிடித்து, "அது என் டிரம்ஸ் சத்தம்க்கா, ஒண்ணுமில்லக்கா" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் காதில் விழுந்தால்தானே?

கேட்டில் வாட்ச்மேன் திருதிருவென்று விழித்தார். உள்ளே எல்லோரும் நன்றாக இருந்தார்கள். அந்த அக்கா விடவில்லை, மகளை வெளியே வரச் சொன்னார். முகமெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க, "என்னம்மா?" என்று வந்து நின்றாள் அந்தப் பெண். அக்கா அவள் தோளிலிருந்து விரல் நுனிவரை இரண்டு கைகளையும் தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் வாய்விட்டு அழுதேன்.

நாலு பேர் எங்களைத் திட்ட ஆரம்பித்த நேரத்தில் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து இன்னொரு ஆள் விழுந்தடித்து ஓடி வந்தார். பார்த்தால், அண்ணன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது சத்தம் கேட்டிருக்கிறது. தம்பி இருக்கிற ஊர்ப் பக்கமிருந்து கேட்டிருக்கிறது, ஜனங்கள் வேறு ஓடுகிறார்கள். போன் போட்டிருக்கிறார். தம்பியின் போன் மேடையில் கிடக்கிறது, யார் எடுப்பது? வந்தவர் தம்பியைப் பளாரென்று ஓர் அறை விட்டார். மறு நொடி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"போன எடுக்க மாட்டியாலே? செத்துட்டேம்லே நான்!"

"அண்ணே... நம்ம டிரம்ஸுண்ணே" என்றான் தம்பி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

திட்டிக்கொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். ஆம்ப்ளிபயரை எடுக்க மட்டும் வந்தவர் தோளில் கிடார் எதற்குத் தொங்கியது என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.

எனக்கு ஆனால் சிரிக்கத் தெம்பில்லை. அந்த அக்காவிடம் போய், "மன்னிச்சிருங்கக்கா. நாங்க மூட்டையக் கட்டிட்டுக் கெளம்பிடுறோம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. "எதுக்குக் கெளம்புறீக? பதறிட்டோம், அம்புட்டுத்தான். பிள்ளைக எல்லாம் வேலை முடிஞ்சு வந்து உக்காரட்டும். பெறகு எம்புட்டுச் சத்தமா வேணும்னாலும் அடி தாயி. எல்லாரும் கண்ணு முன்னால இருந்தா எங்களுக்கு என்ன பயம்?" என்றார்.

சாயங்காலத்துக்குள் கரண்ட் வந்துவிட்டது, வேலைக்குப் போனவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன்களும் வந்தன. பெண்பிள்ளைகள் குளித்து, பூ வைத்து, பொட்டலில் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே ஆம்ப்ளிபயரில் கிடாரை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் அந்த அக்காவைப் பார்த்தேன். அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, "ம், அடி" என்று கையைக் காட்டினார். அடித்தேன் பாருங்கள், என் வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை! கூட்டம் எழுந்து ஆடியது.

நாங்கள் இப்போதும் சண்டை போடுகிறோம். போன வாரம்கூட அண்ணன் பாதி ரிகர்சலில் எழுந்து போனார், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஆனால் அந்தப் பக்கம் எந்த ஊர் மேடை ஏறினாலும், முதல் அடிக்கு முன்னால் நான் மைக்கை வாங்கி, "வேலைக்குப் போனவுக எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பேன். வந்தாச்சு என்று கூட்டம் திருப்பிக் கத்தும்போதெல்லாம், எங்களைத் துரத்தியிருக்க வேண்டிய நாளில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்ன அந்த அக்காவை மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பெடலில் கால் வைக்கிறேன்.